கொப்பியில் ஒன்றுமில்லையே, டீச்சர்?

முன்பள்ளி ஆசிரியைகளிடம் பெற்றோர் ஆண்டு முழுக்கக் கேட்கும் கேள்வி இது. பிள்ளையைச் சேர்த்த புதிதில் சிரித்துக்கொண்டே கேட்பார்கள். இரண்டு மூன்று மாதம் போக முகம் கொஞ்சம் சுருங்கும். அதற்குப் பிறகு, "பக்கத்து நேர்சரியில நூறு வரைக்கும் எழுதுதுகள்" என்று வந்துவிடும். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் ஒரு சிறிய முன்பள்ளியில் நான்கு வயதுப் பிள்ளைகளோடு காலை 8.30 முதல் 11.30 வரை இருக்கிறவள் நான். வாசலில் நின்று பார்க்கிறவர்களுக்கு அந்த மூன்று மணித்தியாலத்தில் மணலும் தண்ணீரும் சத்தமும்தான் தெரியும். உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்ல ஒரு கிழமையை எடுத்துக்கொள்கிறேன். பெரும்போக வெட்டு நடக்கிற நேரம் அது. அந்தக் கிழமைக்கு எங்கள் தலைப்பு நெல்.

தலைப்பு என்றால் பெரிய விஷயமில்லை. அந்த நாட்களில் பிள்ளையின் கண்ணில் எது படுகிறதோ, அதை வகுப்புக்குள் கொண்டுவருவதுதான். கல்லடியிலோ வாழைச்சேனையிலோ இருந்திருந்தால் மீனை எடுத்திருப்பேன். இங்கே றோட்டோரமெல்லாம் நெல் காய்கிறது, வெட்டு மெஷின் வீட்டு வாசலால் போகிறது, அப்பாமார் தூசும் சுணையுமாக வீட்டுக்கு வருகிறார்கள். அதை விட்டுவிட்டு ஆப்பிளையும் பனிமனிதனையும் படத்தில் காட்டிக்கொண்டிருக்க எனக்கு மனமில்லை.

திங்கட்கிழமை தேவாரம் முடிந்ததும் பாயில் வட்டமாக இருந்து கதைப்போம். சனி ஞாயிறு வீட்டில் நடந்ததுதான் கதை. அரை மணித்தியாலம் இதிலேயே போய்விடும். ஒரு பையன் சொன்னான்: "டீச்சர், யானை வந்திட்டு. எங்கட வாழையெல்லாம் முறிச்சிட்டு." அத்தோடு நிறுத்திவிட்டான். "மறுகா?" என்று கேட்டேன், பிறகு என்ன என்று. "அப்பா வெடி போட்டாரு." "மறுகா?" கொஞ்சம் யோசித்தான். "யானை ஓடிட்டு. இல்ல, இல்ல, முதல்ல நாய் குலைச்சது. மறுகாதான் அப்பா எழும்பினாரு."

அந்த "இல்ல, இல்ல, முதல்ல" என்பதற்காகத்தான் நான் காத்திருக்கிறேன். நடந்ததை மனதில் திரும்ப ஓட்டிப் பார்த்து, வரிசை பிழைத்திருக்கிறது என்று தானே கண்டுபிடித்துத் திருத்துகிறான். மூன்றாம் நான்காம் வகுப்பில் ஒரு பாடத்தை வாசித்துவிட்டு எது முதலில் நடந்தது, ஏன் நடந்தது என்று பதில் எழுத வேண்டிய பிள்ளைக்கு இந்தப் பழக்கம்தான் அத்திவாரம். வாய்க்குள் வரிசை வராத கதை கொப்பியில் வரிசையாக வராது. எங்கள் ஊர் "மறுகா"வை விடச் சிறந்த கற்பித்தல் உபகரணம் எனக்குத் தெரியாது, அதற்குச் செலவும் இல்லை. போனில் காட்டூன் பார்த்தே பொழுது போகிற பிள்ளைகள் சிலருக்குச் சொற்கள் நிறையத் தெரியும், நிறங்களை ஆங்கிலத்திலும் சொல்வார்கள், ஒரு கதையைச் சொல்லி முடிக்கத்தான் வராது. போன் ஒருநாளும் அவர்களிடம் "மறுகா?" என்று கேட்டதில்லையே.

அப்புறம் கைதட்டு. நெல் என்றால் ஒரு தட்டு, வாழைக்கு இரண்டு, பப்பாசிக்கு மூன்று. தங்கள் பெயருக்கும் தட்டிப் பார்ப்பார்கள், நீளமான பெயர்க்காரருக்கு அன்றைக்குப் பெருமை. சொல் என்பது சின்னச் சின்ன ஓசைகள் சேர்ந்தது என்று காதால் பிடிபட்ட பிள்ளைக்கு, எழுத்து வரும்போது அது எதற்காக வந்திருக்கிறது என்பது விளங்கும். காதுக்கு எட்டாததைக் கண்ணுக்குக் காட்டினால் அது வெறும் கோடுதான்.

செவ்வாய்க்கிழமை அளக்கிற நாள். ஒரு பேசினில் நெல், இன்னொன்றில் தண்ணீர். பக்கத்தில் பால்ரின், சிரட்டை, ஜாம் போத்தல், உயரமான சோடாப் போத்தல், ஒரு புனல். புனலைத் தவிர எல்லாம் வீடுகளிலிருந்து வந்தவை. ஒரு பிள்ளையின் அம்மம்மா அன்று வந்து நெல் அளந்து காட்டினார். ஒவ்வொரு முறை கொட்டும்போதும் "பொலி, பொலி" என்றார். களத்தில் நெல்லுக்குச் சொல்கிற சொல். அன்று முழுக்கத் தண்ணீர் ஊற்றும்போதும் பிள்ளைகள் "பொலி, பொலி" என்றே ஊற்றினார்கள்.

அன்றைக்கு ஒரு பையனை நான் கூப்பிட்டு இருத்தினேன். ஒரேமாதிரியான இரண்டு கிளாசில் ஒரே மட்டத்துக்குத் தண்ணீர். எதில் கூட என்று கேட்டேன். இரண்டும் ஒன்றுதான் என்றான். ஒரு கிளாசை எடுத்து, அவன் கண்முன்னாலேயே ஒடுங்கிய சோடாப் போத்தலில் ஊற்றினேன். இப்போது எதில் கூட? போத்தலைக் காட்டினான். திரும்பக் கிளாசில் ஊற்றினேன். இரண்டும் ஒன்று. மறுபடி போத்தலில். "இதிலதான் கூட, டீச்சர்" என்று என்னைப் பார்த்தான். இவ்வளவு உயரமாக நிற்கிறதே, டீச்சருக்கு இதுகூடத் தெரியவில்லையே என்ற கவலை அவன் முகத்தில்.

வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த அவனுடைய அம்மா மெதுவாகக் கேட்டார், "இவனுக்கு விளங்கிற தன்மை குறைவா, டீச்சர்?" இல்லை. நான்கு வயதில் அப்படித்தான் தெரியும். சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த ஜோன் பியாஜே என்ற உளவியலாளர் இதே தண்ணீர் வேலையைப் பிள்ளைகளிடம் செய்து பார்த்து எழுதியிருக்கிறார். உயரம், அகலம் இரண்டையும் ஒரேநேரத்தில் மனதில் வைத்துப் பார்க்கும் திறமை அநேகமாக ஏழு வயதை அண்டித்தான் வருகிறது. "இல்லை மகன், இரண்டும் ஒன்று" என்று நான் சொல்லிக்கொடுத்தால், எனக்காக "ஒன்று" என்று சொல்வான், போத்தலில்தான் கூட இருக்கிறது என்று உள்ளுக்குள் நம்பிக்கொண்டே இருப்பான். அவனுக்குத் தேவை நிறையத் தடவை ஊற்றிப் பார்ப்பது. அதனால்தான் எங்கள் வகுப்பில் தண்ணீர்ப் பேசின் எப்போதும் இருக்கிறது, சட்டை நனைந்து வீட்டுக்கு வருவதும் அதனால்தான். ஒரு மாற்றுச் சட்டை பையில் வைத்துவிடுங்கள் என்று நான் தொல்லை பண்ணுவதும் அதற்காகவே.

எண்ணிலும் இதே கதைதான். ஐம்பது வரை தமிழிலும் ஆங்கிலத்திலும் மூச்சுவிடாமல் சொல்கிற ஒரு பிள்ளையிடம், "அஞ்சு புளியங்கொட்டை எடுத்துத் தாங்க, மனே" என்றேன். கை நிறைய அள்ளித் தந்தாள். எண்ணச் சொன்னேன். ஒரு கொட்டையைத் தொடுவதற்குள் வாய் மூன்று எண்ணைத் தாண்டிவிட்டது. அவளுக்கு அது பாட்டு. ஒரு பொருளுக்கு ஒரு எண்தான், கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம் என்ற இரண்டும் பிடிபட்டால்தான் அது கணக்கு. ஐம்பது வரை ஒப்பிக்கிற பிள்ளையை விட, ஐந்து கேட்டால் ஐந்தைத் தந்துவிட்டு நிறுத்துகிற பிள்ளை கணிதத்தில் முன்னால் நிற்கிறது. இதை வீட்டில் பழக்குவது மிக லேசு. சாப்பிடுகிற நேரம், "எத்தனை பேர் இருக்கிறோம்? அத்தனை தட்டு வை" என்று விடுங்கள். ஒன்று குறைந்தால் யாரோ ஒருவருக்குச் சோறு இல்லை என்று பிள்ளையே கண்டுபிடிக்கும். அதைவிடத் தெளிவான திருத்தம் சிவப்புப் பேனையால் வராது.

புதன்கிழமைதான் பெற்றோருக்கு அதிகம் விளங்காத நாள், ஆகையால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். அன்று கைவேலை. வயல் வரம்பிலிருந்து களிமண் வந்தது. உருட்டினார்கள், தட்டினார்கள், கிள்ளிக் கிள்ளிச் சட்டி செய்தார்கள். பிறகு ஆளுக்கு ஒரு பிடி நெல் கொடுத்து, உமியை நகத்தால் உரித்து அரிசியை முறியாமல் எடுக்கச் சொன்னேன். பெருவிரலும் சுட்டுவிரலும் ஒரு நெல்லைப் பிடித்திருக்க, மற்றக் கையின் நகம் அதைக் கீறித் திறக்க வேண்டும். வழமையில் இரண்டு நிமிடம் ஓரிடத்தில் இருக்காத பிள்ளைகள் நாக்கைக் கடித்துக்கொண்டு இருந்தார்கள். ஒருத்தி முழு அரிசி ஒன்றை எடுத்ததும் அதை உள்ளங்கையில் வைத்து வகுப்பு முழுக்கக் கொண்டுபோய்க் காட்டினாள்.

பென்சில் பிடிக்கத் தேவையான விரல்கள் இவைதான். சின்னப் பிள்ளை முதலில் பென்சிலைக் கைமுஷ்டியால் பிடிக்கும், தோளை அசைத்துக் கிறுக்கும். பிறகு விரல்களுக்கு இறங்கும், ஆனால் மணிக்கட்டோடு சேர்த்துத்தான் அசைக்கும். மூன்று விரலால் பிடித்து, விரலை மட்டும் அசைத்து எழுதுகிற பிடி நான்கரை வயதுக்கும் ஆறு வயதுக்கும் இடையில்தான் அநேகருக்கு அமைகிறது. மணிக்கட்டில் எட்டுச் சிறிய எலும்புகள் இருக்கின்றன. பிறக்கும்போது எட்டும் குருத்தெலும்புதான், ஒவ்வொன்றாக ஆண்டுக்கணக்கில் இறுகுகின்றன. கடைசி எலும்பு எட்டு வயதுக்குப் பிறகுதான் இறுகத் தொடங்கும். எலும்பு மட்டும் காரணமென்று சொல்லவில்லை. தசையும் வேண்டும், விரலைத் தனித்தனியாக ஆள்கிற பழக்கமும் வேண்டும். அது வருவதற்குமுன் பென்சிலைத் திணித்தால் பிள்ளை எழுதத்தான் செய்யும். தோளை இறுக்கிக்கொண்டு, கொப்பி கிழியும் அளவுக்கு அழுத்தி, பிழையான பிடியில் எழுதும். அந்தப் பிடி பழகிவிட்டால் பிறகு மாற்றுவது பெரும்பாடு. ஒரு பக்கம் எழுதுவதற்குள் கை நோகிறது என்று சொல்கிற நாலாம் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளின் பிடியை ஒருதரம் கவனித்துப் பாருங்கள்.

எழுத்திலும் எது முதல் என்று ஒன்று இருக்கிறது. அரிச்சுவடி அகரத்தில் தொடங்குகிறது என்பதற்காகக் கையும் அங்கேயே தொடங்க வேண்டுமென்றில்லை. அ, இ, ஐ எல்லாம் சுழியும் வளைவும் திருப்பமும் உள்ள எழுத்துகள், பிஞ்சு விரலுக்கு மிகக் கடினம். ட, ப, ம போன்றவை பெரும்பாலும் நேர்கோட்டில் வருபவை. மண்ணில் ஒரு கோடு கீழே இழுத்து, பக்கவாட்டில் திருப்பினால் டகரம் வந்துவிடும். வாயால் அ, ஆ சொல்லட்டும், கை டகரத்திலிருந்து வரட்டும்.

நம்முடைய ஆட்களுக்கு இது தெரியாத விஷயமுமில்லை. விஜயதசமிக்கு ஏடு தொடக்கும்போது ஐயர் என்ன செய்கிறார்? பிள்ளையை மடியில் இருத்தி, அதன் விரலைப் பிடித்து, தாம்பாளத்தில் பரப்பிய அரிசியில் எழுதவைக்கிறார். அந்தக் காலத் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் மணல்தான் கொப்பி. இத்தாலிய வைத்தியர் மரியா மொண்டிசோரி 1907இல் ரோமில் ஏழைப் பிள்ளைகளுக்கென்று தொடங்கிய இல்லத்திலிருந்து வளர்ந்த முறையிலும், மரப்பலகையில் ஒட்டிய சொரசொரப்பான எழுத்தை விரலால் தடவிப் பழகுவதுதான் முதற்படி. அவர் 1944இல் இலங்கைக்கும் வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்துவிட்டுப் போனார். இன்று மொண்டிசோரி என்று பெயர்ப்பலகை மாட்டிய இடங்கள் எத்தனையோ. சிலவற்றின் உள்ளே போனால் மணலுமில்லை, மணியுமில்லை, மூன்று வயதுப் பிள்ளைகள் வாங்கில் வரிசையாக இருந்து நாலு வரிக் கொப்பியில் ஏபிசிடி எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.

காலைச் சாப்பாட்டையும் இதோடு சேர்த்துச் சொல்லவேண்டும். பத்து மணிக்குச் சாப்பாடு. அன்றைக்குச் சோறும் பருப்பும் கீரையும். சோற்றைப் பருப்போடு பிசைந்து, சிந்தாமல் உருட்டி, விரல் நுனியால் வாய்க்குள் தள்ளுவது லேசான வேலை இல்லை. பாதிப் பிள்ளைகளுக்கு அது வராது, வீட்டில் ஐந்து வயது வரை அம்மம்மா தீத்திவிடுகிறார். நேரமாகிறது, சிந்துகிறது, சரியாகச் சாப்பிடமாட்டான் என்று காரணமும் இருக்கிறது. சோறு பிசையாத கையிடம் பென்சிலை நேராகப் பிடி என்று கேட்கிறோம் என்பதை மட்டும் யோசித்துப் பாருங்கள். பொத்தான் பூட்டுவது, கச்சான் கோது உடைப்பது, வெங்காயம் உரிப்பது, சின்னக் கற்களை எறிந்து பிடித்துக் கொக்கான் வெட்டுவது எல்லாமே எழுத்துக்கு முந்திய எழுத்து வேலை.

வியாழக்கிழமை பெரிதாக ஒன்றுமில்லை. வெட்டு முடிந்த வயலுக்குக் கூட்டிக்கொண்டு போனோம், வெயில் ஏறமுன் திரும்பினோம், வைக்கோலில் விழுந்து எழும்பியதுதான் மிச்சம். ஒருவனுக்குக் காய்ச்சல் குணம், வீட்டுக்கு அனுப்பினோம். திரும்பி வந்து படம் கீறினார்கள். அநேகமான படங்களில் வெட்டு மெஷின் வீட்டை விடப் பெரிது.

வெள்ளிக்கிழமை விட்டுவிடுவேன். வகுப்பின் ஒரு மூலையில் பழைய சட்டி, சுளகு, சாறி, தராசு, காலியான மாப் பெட்டிகள். மற்ற மூலையில் மரக்கட்டைகள். என்ன விளையாடுவது என்று அவர்களே முடிவெடுப்பார்கள். அந்தக் கிழமை நெல் வாங்கிற கடை வந்தது. முதலாளியாக இருக்க இரண்டு பேர் அடிபட்டார்கள். நான் போகவில்லை, தூர நின்று பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் ஒருவன், "நீ காசு வாங்கு, நான் நிறுக்கிறன்" என்றான், கடை திறந்துவிட்டது. தனக்கு வேண்டியதைப் பாதி விட்டுக்கொடுத்து மிச்சத்தைக் காப்பாற்றிக்கொள்கிற இந்த வித்தையை நான் பாடமாக நடத்தியிருந்தால் ஒரு தவணை போயிருக்கும்.

சமையல் மூலையில் ஒரு சிறுமி மரக்கட்டையைக் காதில் வைத்துக் கதைத்துக்கொண்டிருந்தாள். "சாப்பிட்டியா மனே? அம்மம்மாக்குக் குழப்படி செய்யாத. அம்மா காசு அனுப்பிறன்." அவளுடைய அம்மா வெளிநாட்டில் வீட்டு வேலைக்குப் போயிருக்கிறார். எங்கள் மாவட்டத்தில் இது புதிதில்லை, ஒவ்வொரு வகுப்பிலும் இப்படிப் பிள்ளைகள் இருக்கிறார்கள். இந்த விளையாட்டை நிறுத்தி, "வாங்க மகள், கலர் அடிப்பம்" என்று திசைதிருப்ப நினைக்கிறவர்கள் உண்டு. வேண்டாம். வளர்ந்தவர்கள் ஒரு துயரத்தைத் திரும்பத் திரும்பக் கதைத்து ஆற்றிக்கொள்வதைப் பிள்ளை விளையாடித்தான் செய்யும். நான் பக்கத்தில் போய் இருந்தேன். அடுத்ததாகப் போனை என்னிடம் தந்து, "டீச்சரும் கதையுங்க" என்றாள். கதைத்தேன். அன்று மாலை அம்மம்மாவிடம் ஒன்று சொன்னேன்: தாய் கோல் எடுக்கும்போது படிப்பைப் பற்றி விசாரிப்பதைக் குறைத்து, பிள்ளை அன்றைக்கு என்ன செய்தாள் என்று கேட்கச் சொல்லுங்கள்.

இவ்வளவும் நடந்த கிழமையில் கொப்பி வெறுமையாகத்தான் இருந்தது. என்னிடம் வேறொரு கொப்பி இருக்கிறது. யார் வரிசையாகக் கதை சொன்னது, யார் ஐந்தில் நிறுத்தியது, யாருடைய விரலுக்கு நெல் அகப்படவில்லை, யார் யாரோடும் சேராமல் தனியே நின்றது என்று ஒவ்வொரு நாளும் இரண்டு மூன்று பேரைப் பற்றி எழுதிவைப்பேன். பெற்றோர் கேட்டால் காட்டுவேன், கேட்கிறவர்கள்தான் குறைவு. முன்பள்ளியில் முதலாம் பிள்ளை யார் என்று கேட்கிறவர்கள் கூட. ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசிலின் நிழல் நான்கு வயது வரை நீண்டுவிட்டது, நேர்சரிப் பிள்ளைக்கு ரியூசன் தேடுகிறவர்களும் இருக்கிறார்கள். தரம் 1 பாடத்திட்டம் எழுத்தை முதலிலிருந்தேதான் தொடங்குகிறது. எழுத்துத் தெரியாமல் போனால் அங்கே தள்ளிவைக்கமாட்டார்கள். சொல்வதைக் கேட்டு இருக்கத் தெரியாமல், ரொயிலட்டுக்குப் போகவேண்டும் என்று கேட்கத் தெரியாமல், பக்கத்துப் பிள்ளையோடு பங்குபோடத் தெரியாமல் போனால்தான் பிள்ளை அங்கே தடுமாறும்.

இடக்கையால் எடுக்கிற பிள்ளையைப் பற்றியும் ஒரு சொல். பத்தில் ஒருவர் அளவில் அப்படித்தான் பிறக்கிறார்கள். சாப்பாட்டுக்கு வலக்கை என்று வீட்டில் பழக்கினால் அது உங்கள் வழக்கம், நான் குறுக்கே வரமாட்டேன். எழுதுகிற கையை மட்டும் மாற்றாதீர்கள், கையில் அடித்து மாற்றவே வேண்டாம். எங்கள் வகுப்பில் அப்படியானவர்களை வாங்கின் இடது ஓரத்தில் இருத்துவேன், பக்கத்துப் பிள்ளையின் முழங்கை இடிக்காது.

கவலைப்படவேண்டிய விஷயங்கள் வேறு. நான்கு வயதாகியும் வெளியாட்களுக்குப் பேச்சு அநேகமாக விளங்கவில்லை, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லை, படத்தைக் கண்ணுக்கு மிகக் கிட்டப் பிடிக்கிறது, மற்றப் பிள்ளைகளை ஏறெடுத்தே பார்ப்பதில்லை, முன்பு செய்ததை இப்போது செய்யவில்லை. இதில் எது இருந்தாலும், "அவன்ட அப்பாவும் பிந்தித்தான் பேசினவர்" என்று தள்ளிப்போடாதீர்கள். குழப்படிக்காரன் என்று பெயரெடுத்த பிள்ளை சில நேரம் காது சரியாகக் கேட்காத பிள்ளையாக இருக்கும். அவனுக்கு ஏசி என்ன பயன்? உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள், தேவையென்றால் மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்கு எழுதித் தருவார்கள். போகும்போது பிள்ளை பிறந்ததிலிருந்து எழுதி வருகிற கிளினிக் கொப்பியைக் கட்டாயம் கொண்டுபோங்கள். எந்த வயதில் பிள்ளை என்னென்ன செய்யும் என்ற விவரமும் அதில் இருக்கிறது, முதல்நாள் இரவே ஒருதரம் வாசித்துவிட்டுப் போவது நல்லது. வகுப்பில் நான் கவனித்ததையும் ஒரு தாளில் எழுதித் தருவேன். முதல்நாளே சொல்லிவிட்டால் சரி.